ஐந்து நாடு, ஐந்து வேர்ல்டு கப், ஒரே கோச்: ஒரு ரெஸ்யூமை எப்படிப் படிக்கணும்?

ஒரு ரெஸ்யூம் உங்க கைக்கு வருதுன்னு வெச்சுக்குங்க. பெயர் போரா மிலுட்டினோவிச். தொழில் ஃபுட்பால் கோச். வேர்ல்டு கப் அனுபவம் கீழே.

1986, மெக்ஸிகோ: காலிறுதி.
1990, கோஸ்டா ரிக்கா: கடைசி 16.
1994, அமெரிக்கா: கடைசி 16.
1998, நைஜீரியா: கடைசி 16.
2002, சீனா: முதல் சுற்று.

ஐந்து வேர்ல்டு கப், ஐந்து வேற வேற நாடு. இதில் அவருக்கு இணையாக நிற்பவர் பிரேசிலின் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ பரெய்ரா மட்டும்தான். அதிலும் நாலு வேற நாடுகளை முதல் சுற்றைத் தாண்ட வைத்த முதல் ஆள் போராதான். உலகப் பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டம் "அற்புதம் செய்பவர்". உங்க கம்பெனிக்கு இந்த ரெஸ்யூம் வந்தா உடனே ஆஃபர் லெட்டர் அடிச்சிடுவீங்க, இல்லையா?

கொஞ்சம் பொறுங்க. ஃபைனல் இயரில் இருக்கும் நமக்கு ரெஸ்யூம் எழுதுவதும் அடுத்தவன் ரெஸ்யூமைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதும்தான் இப்போ முழுநேர வேலை. ஒரு ரெஸ்யூமில் இருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையா இருக்கலாம். ஆனா அந்த வரிக்குப் பின்னால அந்த ஆள் செய்தது எவ்வளவு, அவருக்குத் தானாகக் கிடைத்தது எவ்வளவு? இதைப் பிரிச்சுப் பார்க்கிற பயிற்சிதான் இந்தக் கட்டுரை. ஃபுட்பால் தெரியாதவங்களும் தாராளமாப் படிக்கலாம். தெரிய வேண்டிய விதிகளை அங்கங்கே சொல்லிடறேன்.

முதலில் ஆள் யாருன்னு பார்ப்போம்

போரா பிறந்தது 1944-இல், அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய செர்பியாவின் பஜினா பாஷ்டா என்ற சின்ன ஊரில். போர்க்காலம். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தார். அத்தை வீட்டில் வளர்ந்தார். அண்ணன்கள் மிலோஷ், மிலோராத் இருவரும் ஃபுட்பால் வீரர்கள். மிலோஷ் 1954, 1958 வேர்ல்டு கப்களில் யூகோஸ்லாவியாவுக்கு ஆடியவர். அண்ணன்கள் வழியில் போராவும் பெல்கிரேடின் பர்ட்டிசான் கிளப்பில் ஆடினார்.

அங்கிருந்து கிளம்பியவர்தான், திரும்பி ஒரு இடத்தில் உட்காரவில்லை. சுவிட்சர்லாந்து, பிறகு பிரான்ஸில் மொனாக்கோ, நீஸ், ரூவான் கிளப்கள். 1972-இல் மெக்ஸிகோ போய் பூமாஸ் கிளப்பில் சேர்ந்தார். பூமாஸ் என்பது மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் டீம். அதாவது ஒரு யூனிவர்சிட்டி பெயரில் நாட்டின் முதல் டிவிஷனில் ஆடும் கிளப். அங்கேயே ஆடி முடித்தார், மெக்ஸிகோ பெண்ணைக் கல்யாணம் செய்தார், 1977-இல் அதே கிளப்புக்கு கோச் ஆனார். 1980-81 சீசனில் லீக் பட்டம் வாங்கினார். பின்னால் ரியல் மாட்ரிட்டில் கோல் மழை பொழிந்த ஹூகோ சான்செஸ் அவர் கையில் ஆடிய பையன்களில் ஒருவர்.

இந்தப் பூமாஸ் காலத்தைக் கொஞ்சம் நினைவில் வெச்சுக்குங்க. கடைசியில் தேவைப்படும்.

கேள்வி 1: ஆரம்பத்தில் கையில் என்ன இருந்தது?

எந்த சிஸ்டத்தையும் படிக்கும்போது நாம் முதலில் கேட்பது இனிஷியல் கண்டிஷன் என்ன என்பதுதானே? போராவின் ஐந்து டீமுக்கும் அதையே கேட்போம்.

வேர்ல்டு கப்பில் ஆட முதலில் தகுதிச் சுற்றில் ஜெயிக்கணும். அது இரண்டு வருடம்கூட இழுக்கும். பெரும்பாலான கோச்கள் பலியாவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் போட்டியை நடத்தும் நாட்டுக்கு இந்தச் சுற்று கிடையாது, நேரே உள்ளே.

மெக்ஸிகோ 1986: போட்டியை நடத்திய நாடு. தகுதிச் சுற்று இல்லை.
அமெரிக்கா 1994: இதுவும் நடத்திய நாடு. தகுதிச் சுற்று இல்லை.
கோஸ்டா ரிக்கா 1990: தகுதி வாங்கித் தந்தது வேறு கோச். போட்டிக்குச் சில மாதம் முன்புதான் போரா வந்தார்.
நைஜீரியா 1998: தகுதிச் சுற்றை ஆடி முடித்தது பிரான்ஸ்காரர் ஃபிலிப் த்ரூசியே காலத்தில். போரா வந்தது அதற்குப் பிறகு.

ஆக, "அற்புதம்" என்று சொல்லப்பட்ட நாலு டீமிலும் தகுதிச் சுற்றை போரா ஆடவே இல்லை. கஷ்டமான முதல் பாதியை வேறு யாரோ முடித்திருந்தார்கள், அல்லது அந்தப் பாதியே இல்லை.

அவர் தானே தகுதி வாங்கித் தந்தது இரண்டு முறை. ஒன்று சீனா, 2002. அதுதான் அவர் பட்டியலில் முதல் சுற்றிலேயே வெளியேறிய ஒரே டீம். இன்னொன்று ரெஸ்யூமில் தெரியவே தெரியாது. 1995-இல் போரா மறுபடி மெக்ஸிகோவுக்கு கோச் ஆனார். 1998 வேர்ல்டு கப்புக்கான இறுதித் தகுதிச் சுற்றில் பத்து மேட்ச். ஒன்றில்கூட தோற்கவில்லை. ஆனால் ஆறு டிரா. சொந்த ஊர் அஸ்டெகா ஸ்டேடியத்தில் அமெரிக்காவுடன் 0-0 என்று முடிந்தபோது ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. டீம் தகுதி பெற்றது, கோச்சுக்கு வேலை போனது. பிரான்ஸுக்கு அந்த டீமை அழைத்துப் போனவர் மனுவேல் லபுயென்டே.

இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அடுத்தவர் சமைத்ததை இவர் பரிமாறினார் என்று நைஜீரியா விஷயத்தில் சொல்லலாம். அதே சமயத்தில்தான் இவர் சமைத்ததை மெக்ஸிகோவில் இன்னொருவர் பரிமாறினார். 1998 வேர்ல்டு கப் புள்ளிவிவரத்தில் போரா பெயர் நைஜீரியாவுக்கு நேரே மட்டும் இருக்கும். பாதி வேலை பார்த்த இடம் பதிவில் இல்லை, மீதி வேலை பார்த்த இடம் பதிவில் இருக்கு. ரெஸ்யூம் என்பது இப்படித்தான், முடிவில் யார் நாற்காலியில் இருந்தாரோ அவர் பெயர்தான் அச்சாகும்.

கேள்வி 2: போட்டியின் விதி எப்படி இருந்தது?

இது பவுண்டரி கண்டிஷன். நிறைய பேர் பார்க்கத் தவறும் இடம்.

1986, 1990, 1994 வேர்ல்டு கப்களில் 24 டீம். நாலு நாலாக ஆறு குழு. ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடம் அடுத்த சுற்றுக்கு, அது 12. கூடவே மூன்றாம் இடம் பிடித்த ஆறு டீம்களில் சிறந்த நாலு. மொத்தம் 16. அதாவது 24-இல் 16 டீம், மூன்றில் இரண்டு பங்கு, முதல் சுற்றைத் தாண்டிவிடும்.

1998-இல் டீம் எண்ணிக்கை 32 ஆனது. எட்டு குழு, முதல் இரண்டு இடத்துக்கு மட்டும் வழி. 32-இல் 16, சரிபாதி. மூன்றாம் இடத்துக்கு நேரே வீட்டு டிக்கெட்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. எல்லா டீமும் சம பலம், எல்லாமே காசு சுண்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோச் 1986, 1990, 1994, 1998 நாலிலும் முதல் சுற்றைத் தாண்ட என்ன வாய்ப்பு? மூன்றில் இரண்டை மூன்று முறை பெருக்கினால் 8/27. அதைப் பாதியாக்கினால் 4/27. ஏறத்தாழ 15 சதவீதம். அதாவது எதுவுமே தெரியாத ஏழு கோச்கள் இருந்தால், அதில் ஒருவருக்குச் சும்மா இருந்தாலே இந்த ரெக்கார்டு கிடைக்கும்.

இன்னும் ஒரு திருத்தம். 2006 வரைக்கும் நடந்த எந்த வேர்ல்டு கப்பிலும் போட்டியை நடத்திய நாடு முதல் சுற்றில் வெளியேறியதே இல்லை. சொந்த மைதானம், சொந்த ஜனம், பயணக் களைப்பு இல்லை. அப்படியானால் மெக்ஸிகோ, அமெரிக்கா இரண்டுக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்று. மீதி இருப்பது கோஸ்டா ரிக்காவின் 2/3, நைஜீரியாவின் 1/2. பெருக்கினால் மூன்றில் ஒன்று. மூணு பேரில் ஒருத்தருக்கு! அற்புதம் என்ற வார்த்தை இப்போ கொஞ்சம் சுருங்கிப் போச்சு பாருங்க.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை என்பதற்கு வரலாறே ஒரு அழகான உதாரணம் வைத்திருக்கு. 1994-இல் போராவின் அமெரிக்கா சுவிட்சர்லாந்துடன் 1-1 டிரா, கொலம்பியாவை 2-1 என ஜெயித்தது, ருமேனியாவிடம் 0-1 தோல்வி. நாலு புள்ளி, குழுவில் மூன்றாம் இடம், அடுத்த சுற்றுக்குப் போனது. 2010-இல் தென்னாப்பிரிக்கா மெக்ஸிகோவுடன் 1-1 டிரா, உருகுவேயிடம் 0-3 தோல்வி, பிரான்ஸை 2-1 என ஜெயித்தது. ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. அதே நாலு புள்ளி, அதே மூன்றாம் இடம். ஆனால் முதல் சுற்றில் வெளியேறிய முதல் ஹோஸ்ட் நாடு என்ற பெயர்தான் கிடைத்தது.

அந்தத் தென்னாப்பிரிக்காவின் கோச் யார் தெரியுமா? பரெய்ரா. போராவுக்கு இணையான ரெக்கார்டு வைத்திருக்கும் அதே மனிதர். 1994-இல் போராவின் அமெரிக்காவை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பி, பிரேசிலுக்குக் கோப்பையும் வாங்கித் தந்தவர். இருவருக்கும் ஒரே மாதிரி மார்க் ஷீட்தான், பாஸ் மார்க் மட்டும் மாறிவிட்டது. ஒருவருக்கு பாஸ், ஒருவருக்கு அரியர்.

கேள்வி 3: அந்த டீம் அதற்கு முன்னும் பின்னும் எப்படி ஆடியது?

இதுவரை படித்ததை வைத்து "அப்போ போரா வெறும் லக்கி ஆள்தானா?" என்று யாராவது கேட்டால், இல்லை. அந்த முடிவுக்கு வருவதும் அவசரம்தான். ஒருத்தர் தந்தது என்ன என்று பார்க்க, அவர் இல்லாதபோது அதே டீம் எப்படி இருந்தது என்று பார்க்கணும். லேபில் கண்ட்ரோல் வைத்துப் பார்ப்பது மாதிரி.

நைஜீரியாவை எடுப்போம். 1994-இலும் கடைசி 16 வரை வந்த டீம். 1996 ஒலிம்பிக்கில் பிரேசிலையும் அர்ஜென்டினாவையும் தோற்கடித்துத் தங்கம் வாங்கிய தலைமுறை. ஒகோச்சா, கனு, ஃபினிடி, ஒலிசே. 1998-இல் ஸ்பெயினை 3-2 என்று சாய்த்தார்கள், ஒலிசே தொலைவிலிருந்து அடித்த அந்த மூன்றாவது கோல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கு. பிறகு கடைசி 16-இல் டென்மார்க்கிடம் 1-4. போரா வந்ததால் ஏறியது எதுவும் இல்லை, இருந்த இடத்திலேயே நின்றது.

மெக்ஸிகோ வேறு கதை. 1978 வேர்ல்டு கப்பில் மூன்று மேட்சும் தோல்வி. 1982-க்குத் தகுதியே பெறவில்லை. 1983-இல் போரா பொறுப்பேற்றார். 1986-இல் குழுவில் முதலிடம், பல்கேரியாவை 2-0 என ஜெயித்துக் காலிறுதி. அங்கே மேற்கு ஜெர்மனியுடன் 0-0, பெனால்டியில் தோல்வி. சொந்த மண்ணின் உதவி உண்டு, ஆனால் மூன்று வருட உழைப்பும் உண்டு.

அமெரிக்கா 1990-இல் மூன்று மேட்சும் தோற்ற டீம். அப்போது அந்த நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு முழு லீக் கூடக் கிடையாது. வீரர்களில் பலரை ஃபெடரேஷனே சம்பளம் கொடுத்து, கலிஃபோர்னியாவின் மிஷன் வியேஹோ என்ற ஊரில் வருடக்கணக்கில் ஒன்றாக வைத்துப் பயிற்சி தந்தது. 1991 கோல்ட் கப்பை ஜெயித்தார்கள். 1993-இல் இங்கிலாந்தை 2-0 என்று வீழ்த்தினார்கள். 1998-இல், போரா போன பிறகு, அதே அமெரிக்கா மூன்று மேட்சும் தோற்று 32 டீமில் கடைசி. முன்னாலும் பூஜ்யம், பின்னாலும் பூஜ்யம், நடுவில் நாலு புள்ளி. இதில் போராவின் பங்கு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் பகுதியைக் கடக்க முடியாது. அமெரிக்காவின் அந்த ஒரே வெற்றியில் முதல் கோல், கொலம்பிய டிஃபெண்டர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் காலில் பட்டுத் தன் வலைக்குள்ளேயே போனது. ஊர் திரும்பிய சில நாட்களில், 1994 ஜூலை 2 அன்று, மெடலின் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் இங்கே புள்ளி, சதவீதம் என்று கணக்குப் போடும் ஒரு கோலுக்குப் பின்னால் ஒரு 27 வயது மனிதர் இருக்கிறார்.

கோஸ்டா ரிக்கா: மூன்று மாதத்தில் எதை மாற்ற முடியும்?

என் பார்வையில், எல்லாத் தள்ளுபடியும் போக போராவின் கணக்கில் மிச்சம் நிற்கும் பெரிய தொகை 1990-இன் கோஸ்டா ரிக்காதான்.

அந்த நாட்டுக்கு அதுதான் முதல் வேர்ல்டு கப். குழுவில் பிரேசில், ஸ்வீடன், ஸ்காட்லாந்து. மேலே 2/3 என்று கணக்குப் போட்டது எல்லோரும் சமம் என்ற அனுமானத்தில். இங்கே யாரும் சமமில்லை. கோஸ்டா ரிக்கா மூன்றும் தோற்கும் என்றுதான் பொதுவான எதிர்பார்ப்பு. நடந்தது: ஸ்காட்லாந்தை 1-0, ஹுவான் கயாசோவின் கோல். பிரேசிலிடம் 0-1, அவ்வளவுதான். ஸ்வீடனை 2-1, கடைசி நிமிடங்களில் ஹெர்னான் மெட்ஃபோர்டின் கோல். மூன்றாம் இடத்து லிஃப்ட் தேவைப்படவே இல்லை, குழுவில் இரண்டாம் இடம்.

சில மாதத்தில் ஒரு கோச் என்ன செய்ய முடியும்? யோசித்துப் பாருங்க. ஒரு வீரனின் பந்துத் திறமையை மூன்று மாதத்தில் மாற்ற முடியாது. அது பத்து வயதிலிருந்து வருவது. வேகத்தை மாற்ற முடியாது. ஆனால் மூன்று விஷயத்தை மாற்றலாம்.

முதலாவது, யார் ஆடுவது என்ற தேர்வு. வெளியாளுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. எந்த கிளப்காரன், யாருக்கு யார் வேண்டியவன் என்ற பழைய கணக்கு எதுவும் அவனுக்கு இல்லை. கண்ணால் பார்ப்பதை மட்டும் வைத்து எடுக்கலாம்.

இரண்டாவது, இடைவெளி. டிஃபென்ஸ் வரிசை, நடுவரிசை, முன்வரிசை மூன்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் தற்காப்பின் பாதி ரகசியம். தூரம் கூடினால் எதிரணி நடுவில் புகுந்து திரும்பி ஓட இடம் கிடைக்கும். தூரத்தைக் குறைத்து மொத்த டீமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், திறமை குறைந்த டீமும் பிரேசிலை ஒரு கோலோடு நிறுத்தலாம். இதற்குத் தேவை திறமை இல்லை, ஒழுங்கும் மூச்சும்தான். இரண்டையும் சில வாரத்தில் கொண்டுவர முடியும். போராவின் டீம்கள் முக்கியமான மேட்சில் பெரும்பாலும் 0-0, 1-0, 0-1 என்று முடிந்தது தற்செயல் இல்லை. 1994-இல் பிரேசிலிடம் அமெரிக்கா தோற்றதும் 0-1தான். 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கப்பில் அவர் ஈராக்குக்கு கோச்சாக இருந்தபோது மூன்று மேட்சில் வாங்கியது ஒரே கோல், அதுவும் அன்றைய ஐரோப்பிய சாம்பியன் ஸ்பெயினிடம். மறுபக்கம், போட்ட கோல் பூஜ்யம். அதுதான் இந்த முறையின் விலை.

மூன்றாவது, பயம். முதல்முறை வேர்ல்டு கப்பில் நிற்கும் டீமுக்கு எதிரணியின் பெயரே பாதி கோல். டூரினில் பிரேசிலுடன் ஆடிய அன்று கோஸ்டா ரிக்கா வழக்கமான சிவப்பை விட்டு, கருப்பு வெள்ளை செங்குத்துக் கோடு போட்ட சட்டையில் இறங்கியது. அது தங்கள் நாட்டின் பழைய கிளப்பான லா லிபெர்ட்டாடின் நிறம். டூரின் மக்களின் உயிரான யுவென்டஸின் நிறமும் அதுவே. ஊர்க்காரர்களின் கைத்தட்டலை இந்தப் பக்கம் இழுக்க போரா போட்ட திட்டம் என்று இன்றும் சொல்வார்கள்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கடைசி 16 மேட்சுக்கு, அதுவரை சுவராக நின்ற கோல்கீப்பர் கபேலோ கோனேஹோ காயத்தால் ஆட முடியவில்லை. செக்கோஸ்லோவாக்கியா 4-1 என்று ஜெயித்தது. உயரமான ஸ்குஹ்ராவி தலையாலேயே மூன்று கோல் போட்டார். சில மாதத்தில் பதினொரு பேரைத் தயார் செய்யலாம். பன்னிரண்டாவது ஆளைத் தயார் செய்ய வருடங்கள் வேணும்.

சீனா: தோல்வி என்று எழுதப்பட்ட வெற்றி

இப்போ ரெஸ்யூமின் கடைசி வரிக்கு வருவோம். 2002, சீனா, முதல் சுற்று. மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி. கோஸ்டா ரிக்காவிடம் 0-2, பிரேசிலிடம் 0-4, துருக்கியிடம் 0-3. ஒரு கோல்கூட இல்லை. ஐந்தில் இதுதான் மோசமான வரி.

ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேளுங்க. இதற்கு முன் சீனா வேர்ல்டு கப்புக்குத் தகுதி பெற்றதே இல்லை. இதற்குப் பின்னும் பெற்றதில்லை. 2006-இல் இத்தாலிக்குக் கோப்பை வாங்கித் தந்த மார்ச்செல்லோ லிப்பியைக் கொண்டுவந்து பார்த்தார்கள், அவராலும் முடியவில்லை. 2001 அக்டோபர் 7 அன்று ஷென்யாங் நகரில் ஓமனை 1-0 என ஜெயித்து, இரண்டு மேட்ச் மீதி இருக்கும்போதே தகுதி பெற்ற அந்த ஒரு நாளைத்தான் அந்த நாட்டின் ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நியாயமாக இரண்டாவது கேள்வியையும் கேட்கணும். அந்த வருடம் போட்டியை நடத்தியது ஜப்பானும் தென் கொரியாவும். இரண்டும் நேரே உள்ளே போனதால், ஆசியாவின் இரண்டு பெரிய டீம்கள் தகுதிச் சுற்றில் இல்லை. இறுதிச் சுற்றில் சவுதி அரேபியாவும் ஈரானும் இன்னொரு குழுவில் விழுந்தன. வழி கொஞ்சம் சுலபமானது உண்மை. இருந்தாலும் திறந்த கதவு வழியாக நடந்து போகவும் ஒரு டீம் வேணுமே. 

சீனப் பத்திரிகையாளர்களுக்கு அவர் முறை புரியவில்லை. சிரித்து விளையாடச் சொன்னார், "மகிழ்ச்சியான ஃபுட்பால்" என்று அதற்குப் பெயரே வந்தது. மனப்பாங்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று எழுதிய தொப்பியைப் போட்டுக்கொண்டு சுற்றினார். இது என்ன சுற்றுலாவா என்று கேட்டவர்களும் உண்டு. ரிசல்ட் வந்த பிறகு அதே தொப்பி நாடு முழுக்கப் பிரபலம்.

இன்னொரு சுவையான இணைப்பு. 2002-இல் சீனாவைத் தோற்கடித்த கோஸ்டா ரிக்காவின் கோச் அலெக்ஸாண்ட்ரே கிமராய்ஸ். 1990-இல் போராவின் டீமில் ஆடியவர். குருவை சிஷ்யன் ஜெயித்த மேட்ச் அது. இதே கிமராய்ஸ் பின்னாளில் நம்ம ஐஎஸ்எல்-இல் மும்பை சிட்டிக்கு கோச்சாக வந்தார். சென்னையின் எஃப்சி வாங்கிய இரண்டு கோப்பையும் இப்படி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் கையில் வந்ததுதான். 2015-இல் இத்தாலியின் மாட்டெராட்ஸி, 2017-18-இல் இங்கிலாந்தின் ஜான் கிரெகரி. வெளிநாட்டு கோச் என்ற விஷயம் நமக்கு எங்கேயோ நடக்கும் கதை இல்லை.

ரெஸ்யூமில் வராத வரிகள்

வேர்ல்டு கப்புக்கு வெளியே போராவின் பட்டியல் நீளம். அர்ஜென்டினாவில் சான் லொரென்சோ, இத்தாலியில் உடினேசே, கத்தாரில் அல் சாத், ஹோண்டுராஸ், ஜமைக்கா, ஈராக். பல இடங்களில் சில மாதங்கள்தான். 1999-இல் அமெரிக்காவின் மெட்ரோஸ்டார்ஸ் கிளப்புக்கு கோச்சாக இருந்த சீசனில் 32 மேட்சில் 25 தோல்வி.

ஏன் இப்படி? வேர்ல்டு கப் முதல் சுற்று மூன்றே மேட்ச். அதில் இறுக்கமான டீமும் ஒரு கோலும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் போதும். லீக் என்பது மாதக்கணக்கில் ஓடும். அதிர்ஷ்டம் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். அங்கே புது ஆட்களை வளர்க்கணும், பன்னிரண்டாவது, பதினெட்டாவது ஆள் வேணும், தோல்விக்குப் பிறகு அதே டிரெஸ்ஸிங் ரூமுக்குத் திரும்பிப் போகணும். மூன்று மாத வித்தை அங்கே எடுபடாது.

"அப்போ அவரால் நீண்டகால வேலை செய்யவே முடியாதா?" என்றால், இங்கேதான் பூமாஸ். கோச்சாக ஆறு வருடம். லீக் பட்டம், இளம் வீரர்கள், எல்லாம். அந்த ஊரில் அவர் வீரராக ஆடியிருந்தார், மொழி தெரியும், குடும்பம் அங்கே. வேர் பிடித்த இடத்தில் மரம் வளர்த்தார். வேர் பிடிக்க நேரம் கிடைக்காத இடத்தில் பந்தல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பந்தலும் தேவைதான், கல்யாணம் நடக்கணுமே. ஆனால் பந்தலை வீடு என்று நினைத்து வேலைக்கு எடுத்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஹங்கேரியின் பேலா குட்மான் இதையே கொள்கையாக வைத்திருந்தார். ஒரே டீமில் மூன்றாவது வருடம் ஆபத்து என்பது அவர் நம்பிக்கை. போர்ச்சுகலின் பென்ஃபிகாவுக்கு 1961, 1962 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். நாடு நாடாகப் போகும் கோச்களுக்கு எப்போது வருவது என்பதைவிட எப்போது கிளம்புவது என்பதும் ஒரு திறமைதான்.

நமக்கு என்ன?

இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் தெரியாத ஊரில், யாரோ ஆரம்பித்த ப்ராஜெக்டில், பாதியில் போய் உட்காரப் போகிறோம். முதல் நாளே கோடை மொத்தமா மாத்தி எழுத யாரும் விடமாட்டாங்க. போராவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது: வந்ததும் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்று பிரிப்பது. மாற்ற முடிந்த மூன்று விஷயத்தில் மட்டும் முழு பலத்தையும் போடுவது. ஊர் மொழியைப் பேசக் கற்பது, அது சரியாக வராவிட்டாலும். அவர் ஐந்தாறு மொழிகளைக் கலந்து பேசித்தான் ஐந்து டீமை நடத்தினார்.

போராவின் ரெஸ்யூமிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பிளேஸ்மென்ட் சீசனில் ஒருத்தனுக்கு டே ஒன் கம்பெனியே கிடைக்கும், இன்னொருத்தன் எட்டு இன்டர்வியூ போய்த் திரும்புவான். இருவரையும் மார்க் ஷீட்டின் கடைசி வரியை வைத்து எடை போடுவது ரொம்ப சுலபம். அதற்கு முன் அந்த மூன்று கேள்வியையும் கேளுங்க. எங்கிருந்து ஆரம்பித்தான்? அந்த வருடம் விதி எப்படி இருந்தது? அவன் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடம் எப்படி இருந்திருக்கும்? உங்களைப் பற்றிக் கேட்கும்போதும் இதே மூன்றுதான். உங்கள் சீனா 2002 எது என்று தேடிப் பாருங்க. எல்லோரும் தோல்வி என்று சொன்ன வரிக்குப் பின்னால் உங்களுடைய பெரிய வேலை ஒளிந்திருக்கலாம். அதேபோல் நீங்கள் பெருமையாக முதலில் எழுதும் வரி, நைஜீரியா மாதிரி, ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒரு ஹோம்வொர்க். 2026 வேர்ல்டு கப்பில் 48 டீம், 12 குழு. முதல் இரண்டு இடத்தோடு மூன்றாம் இடம் பிடித்தவர்களில் சிறந்த எட்டுக்கும் வழி உண்டு. எத்தனை சதவீத டீம் முதல் சுற்றைத் தாண்டும் என்று கணக்குப் போட்டு, 1994-உடன் ஒப்பிட்டுப் பாருங்க. பிறகு பரெய்ராவின் ஆறு வேர்ல்டு கப்புகளையும் எடுங்க: குவைத் 1982, ஐக்கிய அரபு அமீரகம் 1990, பிரேசில் 1994, சவுதி அரேபியா 1998, பிரேசில் 2006, தென்னாப்பிரிக்கா 2010. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. விடையை எழுதி ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்க, அடுத்த இதழில் போடுவோம்.